முதலாளி தள்ளிய வான்

கிர்ர்... கிர்ர்ர்... கிர். இன்று காலை காலி வீதியில் ஒரு பழைய வான் ஸ்டார்ட் ஆக மறுத்து இருமிக்கொண்டிருந்தது. பின்னால் ஹோர்ன்கள் அலறின. எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு ஒரு சேற்று வாசமும். வெள்ளவத்தைத் தார் வீதியில் சேறு ஏது?

அது பெரியப்பாவின் வானில் ஒட்டியிருந்த சேறு. ஞாயிற்றுக்கிழமைச் சேறு.

பெரியம்மா டொக்டர். பெரியப்பாவுக்கு வங்கியில் உத்தியோகம், வானோடு காதல். சனிக்கிழமை முழுக்க அதைக் கழுவித் துடைப்பார். நாங்கள் விரல் வைத்தால் உறுமுவார். ஞாயிறு விடிந்ததும் மருந்துப் பெட்டிகளையும் மடக்கு மேசையையும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத என்னையும் ஏற்றிக்கொண்டு இருவரும் இரத்மலானைக்குப் பின்னாலுள்ள சதுப்புக்குப் போவார்கள். கங்குன் கீரைப் பாத்திகள். தேயிலைத் தோட்டத்தில் வேலை குறையும் மாதங்களில் மலையகத்திலிருந்து வரும் சனம், முழங்கால் தண்ணீரில் நின்று கீரை அறுக்கும். கொழும்பு அதைச் சுண்டித் தின்னும். அந்தத் தண்ணீரில்தான் எலிக்காய்ச்சலும் இருந்தது.

ஜம்பு மரத்தடியில் கிளினிக். விரலிடுக்குப் புண்ணுக்குக் களிம்பு, காய்ச்சல் வராமலிருக்கக் குளிசை. "முழுங்கு பாப்பம். ஆ காட்டு," என்று பெரியம்மா பெரிய மனிதர்களின் வாய்க்குள்ளும் எட்டிப் பார்ப்பார்.

பாத்திகளின் முதலாளி சிங்களவர், எங்களுக்கு இளநீர் வெட்டித் தரும் மனிதர். ஆனால் யாருக்காவது காய்ச்சல் என்று காதில் விழுந்தால் அன்றைக்கே ரயிலேற்றி அனுப்பிவிடுவார். சுகாதாரப் பரிசோதகர் வந்து பாத்தியை மூடிவிடுவாரோ என்ற பயம். அப்படி ஏற்றப்பட்ட ஒருவர் ஊர் போய்ச் சேரவேயில்லை. பெரியம்மா அதற்குச் சண்டை பிடிக்கப்போய், சில வாரங்கள் எங்கள் வானுக்குக் கேற் திறக்கவில்லை. அத்தனை பேருக்கும் குளிசையும் இல்லாமல் போனது. அதன் பிறகு பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இளநீர் குடித்தார்.

பிறகொரு ஞாயிறு, ஒரு அக்கா வரிசையை விட்டு வந்து மேசையில் குனிந்தாள். "டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரருக்கு கண்ணெல்லாம் மஞ்சளா போச்சுங்க. நேத்துலேர்ந்து மூத்திரமும் போகலைங்க."

பெரியம்மா கை கழுவுகிற சாட்டில், சனம் தங்கும் தகரக் கொட்டில் பக்கம் போனார். திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"இண்டைக்கே களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாட்டி ஆள் தப்பாதப்பா."

"கேற்றில முதலாளி வானுக்குள்ள தலையை விட்டுப் பாப்பாரே."

"அதுதான் உங்களிட்டச் சொல்லுறன்."

பெரியப்பா வானைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற பார்வை என்று இப்போது தோன்றுகிறது.

முதலாளி சாப்பிடப் போன நேரம், நிழல் என்று சொல்லி வானைக் கொட்டிலோடு ஒட்டி நிறுத்தினார். என்னை ஏறச் சொன்னபோது சீற்றுகளுக்கு நடுவே, கிளினிக் பாயின் கீழே யாரோ படுத்திருந்தார்கள். வெளியே தெரிந்த கால் பெருவிரலில் சேறு. அதில் ஒரு கங்குன் இலை. "காலை மேல வை பிள்ளை. ஆரும் கேட்டா நீ நித்திரை எண்டு சொல்லு," என்றார் பெரியப்பா. நித்திரை கொண்டபடியே அதை எப்படிச் சொல்வது என்பதுதான் என் முழுக் கவலையாக இருந்தது.

பிறகு, கிர்ர்... கிர்ர்ர்... கிர்.

கையைத் துடைத்துக்கொண்டு முதலாளி வந்தார். "என்ன மாத்தயா, பேங்க் கதிரையில உக்காந்த மாதிரி வான் ஓட்ட ஏலுமா?" சனம் சிரித்தது. வானுக்கு ஒரு சொல் பொறுக்காத பெரியப்பா அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, முதலாளி." எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு ஆசையாகக் கழுவியும் ஓட்டத் தெரியவில்லையே இவருக்கு!

"தல்லு கரமு!" தள்ளுவோம் என்றபடி முதலாளி சாரத்தை மடித்துக் கட்டினார். பலத்தைக் காட்டச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடுகிற ஆள் இல்லை. தலையைக் குனிந்து, பின்கதவில் தோளைக் கொடுத்து, முக்கி முக்கித் தள்ளினார். அவர் தோளுக்கும் பாய்க்கும் நடுவே ஒரு தகடுதான் இருந்தது. ஜன்னலோரம் அந்த அக்காவும் தள்ளினாள். என் சீற்றின் கீழே மூச்சு அனலாக அடித்தது.

வான் இருமியது, பற்றியது. கேற்றுக்கு முன்னால் பெரியப்பா மெதுவாக்கினார், வழக்கம்போல நிறுத்தப்போகிறவர் மாதிரி.

"நவத்தன்ன எப்பா!" முதலாளியே பின்னாலிருந்து கத்தினார். "நிப்பாட்டினா மறுபடி நிண்டு போயிரும்! போங்க மாத்தயா, போங்க!" காவலாளி ஓடிப்போய் கேற்றை அகலத் திறந்தான்.

அந்த மனிதர் பிழைத்தார். சாவு வீட்டுக்கு ஊர் போயிருக்கிறார் என்று மனைவி முதலாளியிடம் சொல்லிச் சமாளித்தாளாம். கொட்டிலில் இன்னொருவருக்கு அன்று காலைதான் நடுக்கம் தொடங்கியிருந்தது, பெரியம்மா அவருக்கு மருந்து கொடுத்துவிட்டுத்தான் வந்தார் என்பதையெல்லாம் வளர்ந்த பிறகுதான் கேட்டறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், வான் உடைந்துவிட்டது, பெரியப்பா அவமானப்பட்டார், அவ்வளவுதான். ஆகவே கேற் வரை ஜன்னலைப் பிடித்தபடி ஓடிவந்த அந்த அக்கா, மூச்சு வாங்க அவரிடம் சொன்னதைக் கேட்டபோது, நன்றி கெட்டவள் என்று மனதுக்குள் திட்டினேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழமயும் வண்டி இப்படியே கெட்டுப் போகணும், ஐயா."