வருஷப் பூசைக்கு ஒரு புட்டி

யுத்தம் கடல்வழியை அடைத்த பிறகு எங்கள் மாதா கோயிலுக்குப் பூசைக்கான திராட்சை இரசம் வருவது நின்றுவிட்டது. மீதமிருந்ததை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் என்று பங்குசாமியார் ஒதுக்கினார். என் மனைவி இறந்து ஒரு வருஷம் நிறையும் நாளோ வியாழக்கிழமை. ஞாயிறு வைத்துக்கொள்ளலாமே என்றார் சாமியார். நான் சம்மதிக்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கு வருஷப் பூசை இப்படித்தான் தள்ளிப்போய், கடைசியில் நடக்காமலே போயிற்று. எனக்கு அந்த நாளிலேயே வைத்துவிடுங்கள் என்று அவள் கேட்டிருந்தாள். சரி என்று சொல்லியிருந்தேன்.

அந்த மாதத்தில்தான் அடையாற்றின் அக்கரைத் தோட்டவீட்டு அம்மாள் ஆள் அனுப்பினார். வீட்டைப் பட்டாளத்தார் எடுத்துக்கொள்கிறார்கள், மறுநாள் சாவியைக் கொடுத்தாக வேண்டும். நிலவறையில் மாமனார் வைத்துப்போன கலப்பில்லாத திராட்சை இரசம் இருக்கிறது. பூசைக்கு ஆகுமானால் கோயில் எடுத்துக்கொள்ளலாம்.

சாமியாரும், பங்குப் பள்ளி வாத்தியாரான நானும், என் மனைவியின் அண்ணனும் மயிலாப்பூரிலிருந்து ஜட்காவில் போனோம். மைத்துனர் துறைமுகச் சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாச் சரக்கும் தெரியும் என்பார்.

பறங்கியர் காலத்து நிலவறை அது. அம்மாள் விளக்குடன் முன்னே இறங்கி ஒவ்வொன்றாகக் காட்டினார்: கை நீளக் கனமுள்ள சுண்ணாம்புச் சுவர், அதில் ஆற்று வெள்ளம் ஏறிய கறை, கடல் காற்றுக்கு விட்ட துவாரங்கள். மணலில் புட்டிகள் படுத்திருந்தன.

"நிக்க வெச்சா தக்கை காஞ்சிடும், காத்து பூந்துடும்" என்றார். மூலையில் சில புட்டிகள் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, வேலைக்காரனைத் திட்டினார்.

படுத்திருந்த ஒன்றைத் திறந்து மூன்று கிளாஸில் ஊற்றினார். சாமியார் தம்முடையதை அப்படியே திருப்பிக் கொடுத்தார். கடும் ஜலதோஷம். "எனக்குக் கஞ்சியும் கஷாயமும் ஒண்ணாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறந்தது முதல் பூசை காண்கிறோம். ஆனால் பாத்திரத்து இரசத்தைக் குடிப்பவர் சாமியார் மட்டுமே. எங்களுக்கு அப்பம்தான். அது எப்படி ருசிக்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

மைத்துனர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "கெட்டுப் பூட்ச்சு, மாப்ளே. பல்லு கூசுது. சுத்தமா காடி."

"இன்னா மிஸ்டர் பேசறீங்க? பெரிய பெரிய துரைங்க குடிச்ச சரக்கு!" என்றார் அம்மாள்.

"அதான் அதுல ஒருத்தரும் இப்ப உயிரோட இல்ல."

என் நாக்குக்கும் அது புளிப்புதான். ஆனால் நல்லதாக இருக்கவேண்டுமே என்ற ஆசையும் எனக்குள் இருந்தது. அந்த ஆசையோடு தீர்ப்புச் சொல்லக் கூடாது. சமையலறையிலிருந்து ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர்க் காடி கொண்டுவரச் சொன்னேன். ஒரே மாதிரியான இரண்டு கிளாஸில் காடியையும் இரசத்தையும் ஊற்றி இடம் மாற்றி வைக்கும்படி அம்மாளிடம் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். திரும்பி முகர்ந்தபோது ஒன்று மூக்கில் குத்திக் கண்ணில் நீர் வரவழைத்தது. மற்றதில் பழமும் ஈர மரமும் மணத்தன. மீண்டும் மாற்றி வைக்கச் சொல்லி முகர்ந்தபோதும் வித்தியாசம் தெரிந்தது. அடுத்து மைத்துனரை முகரச் சொன்னேன்.

"ஆமா, இது வேற" என்று ஒத்துக்கொண்டார். "ஆனா இனிப்பே இல்லியே?"

அம்மாள் சிரித்துவிட்டார். "கிறிஸ்துமஸுக்கு உங்க வூட்ல போடற திராட்ச ரசம் வெறும் சக்கரைப் பாகு, நைனா. அத்த வெச்சா இத்த அளக்கிறீங்க?"

உண்மைதான். எங்களிடம் இருந்த அளவுகோல் அது ஒன்றே.

நின்றிருந்தவற்றில் ஒன்றையும் திறக்கச் சொன்னேன். படிக்கட்டு வரை காடி நாறியது. ஆகவே படுத்திருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் திறந்து பார்க்க முடியாது. "பூசையன்னிக்குத் திறந்து நீங்களே மோந்து சொல்லிடுங்க, வாத்தியார்" என்றார் சாமியார்.

வியாழக்கிழமை காலை. கோயிலுக்குள் உறவினர் எல்லோரும் கறுப்புடையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பீடத்துக்குப் பின்னறையில் புட்டியைத் திறந்தேன். நன்மை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்க இருந்ததால் நள்ளிரவு முதல் நான் தண்ணீர்கூடத் தொடவில்லை. ருசி பார்க்க வழியில்லை, மூக்கு மட்டும்தான். மூக்கில் குத்தியது. சற்றுப் பொறுத்து மறுபடி முகர்ந்தேன். அதேதான்.

மைத்துனர் என் முழங்கையைப் பிடித்தார். "லேசாத்தானே கீது, மாப்ளே? துளியூண்டு ஊத்தப் போறாரு. அம்மாம் பேரும் வந்து ஒக்காந்துக்கினு இருக்காங்க."

"காடியில பூசை ஆகாது, மச்சான். நடக்காத பூசைய உங்க தங்கச்சிக்கு நடந்துதுன்னு நான் சொல்லமாட்டேன்."

அவர் கையை எடுத்துவிட்டார். பூசை உடையில் நின்றிருந்த சாமியாரிடம் போய், "இது ஆகாது, சாமி" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

அவர் மூக்கு இன்னும் அடைத்துத்தான் இருந்தது. மேலே ஒன்றும் கேட்காமல் மற்றப் புட்டிகள் இருந்த பங்கு வீட்டின் சாவியை எடுத்து நீட்டினார். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, நடுவழியாகவே வெளியே போனேன். இரண்டு புட்டிகளை எடுத்து, படுத்தபடியே கைகளில் ஏந்திக்கொண்டு வந்தேன். முதலாவதன் தக்கை ஈரமாக வந்தது. முகர்ந்தேன். மைத்துனரிடம் நீட்டினேன்.

"பழ வாசனை" என்றார்.

நான் மறுபடி ஒருமுறை முகர்ந்துவிட்டு, பீடத்துக்குப் போகும் சிறு குப்பியில் ஊற்றினேன்.