முட்டைப் பூச்சுப் பூசிய படகு

போன வாரம் காரைக்குடி செக்காலையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். வாங்கப் போனது திரிபலாச் சூரணம், வயது அப்படி. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் குங்கிலியம் கேட்டார். கடைக்காரர் கட்டியை ஒரு சின்ன உரலில் போட்டு இரண்டு இடி இடித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கடையும் ஆட்டோச் சத்தமும் எங்கோ போய்விட்டன. 1966ஆம் வருஷத்து ஐப்பசி மழையில், எங்கள் பள்ளத்தூர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வேப்பெண்ணெயில் குங்கிலியம் உருகிக்கொண்டிருக்கிறது. "கிட்ட வராதப்பா, தெறிக்கும்" என்கிறார் அத்தான்.

வருஷத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் என் கிறுக்கு. பசு கன்று போட்டாலும் பக்கத்து வீட்டில் ரேடியோ வாங்கினாலும் காலண்டர் தாளின் பின்னால் குறித்து வைப்பேன். "இவனுக்கு வேற சோலி இல்ல" என்பாள் அக்கா. சோலி இருந்தது. தினம் பஸ் ஏறிக் காரைக்குடி போய் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை, பாடப் புத்தகம் என்று கைக்கு வந்ததையெல்லாம் படித்ததில் எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பும் வந்திருந்தது.

படகுக்கு வருகிறேன். கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீடு. முகப்பிலிருந்து கடைசிக் கட்டுக்கு நடந்து போவதற்குள் வாயில் போட்ட வெற்றிலை சிவந்துவிடும். அந்த வீட்டுச் செட்டியார் யுத்தம் முடிந்த பிறகு மலேயாவிலிருந்து கப்பலில் ஒரு அலுமினியப் படகைக் கொண்டுவந்தார். பட்டாளத்தார் விட்டுப்போனது என்பார்கள். பதினைந்தடி நீளம் இருக்கும். ஊரணியில் அதை மிதக்கவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து தூண்டில் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. குடிதண்ணீர் எடுக்கிற ஊரணியில் மீன் பிடிப்பதாவது, படகு விடுவதாவது. ஊர் ஒப்பவில்லை. படகு வண்டிக் கொட்டகைக்குப் போயிற்று. எங்கள் பக்கத்தில் அலுமினியத்தைச் சும்மா கிடக்க விட யாருக்கு மனம் வரும்? முதலில் அதில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறப்போட்டார்கள். பிறகு ஒரு கல்யாணத்தில் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, வாழையிலை பரப்பி, வடித்த சோற்றைக் கொட்டினார்கள். அதோடு அதற்கு அண்டா என்ற பெயர் நிலைத்துவிட்டது. அப்புறம் அதைப் படகு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அத்தான் ஒருவரைத் தவிர.

அத்தான் என் அக்காவைக் கட்டியவர். சின்ன வயதிலேயே பர்மாவுக்குப் போய், ஐராவதி ஆற்றில் ஓடும் மோட்டார்ப் படகுகளில் வேலை பார்த்தார். 1958இல் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு மாதம் கழித்துத் திரும்பினார். அங்கே நிலைமை மாறி, நம்மவர்களையெல்லாம் வெளியேற்றியபோது, 1965இல் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அவருக்கு இங்கே பெற்றவர்களும் இல்லை, வீடும் இல்லை. எங்கள் வீட்டிலேயே தங்கினார். மாமனார் வீட்டில் மாதக்கணக்காக உட்கார்ந்து சாப்பிடும் மாப்பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் என்ன மரியாதை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அப்பா வயல்காரர். மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேச மாட்டார். அதுதான் சிக்கல். "சாப்பிட்டீகளா மாப்பிள்ளை? நல்லாச் சாப்பிடுங்க, வேற என்ன சோலி உங்களுக்கு" என்பார். மரியாதைக்குப் போட்ட அந்த 'ஈக'வில் ஒரு ஊசி இருக்கும். அத்தான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைவார்.

கொத்தமங்கலம் வீட்டுக் கிணற்று இஞ்சினை அத்தான் ஒருநாள் ஓட வைத்துக் கொடுத்தார். செட்டியார் காலமாகிவிட்டிருந்தார், அவர் மனைவி ஆச்சி மட்டும் இருந்தார். கூலி பேசாமல் நின்றவரைப் பார்த்து, "அந்த அண்டாவ வேணும்னா கொண்டு போங்க. இங்குட்டு இடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்குது" என்றார். மாட்டு வண்டியில் கவிழ்த்துப் போட்டுக் கொண்டுவந்தோம். வழியில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தி, "எந்தக் கலியாணத்துக்கு?" என்று கேட்டாள். அத்தான் வண்டியை நிறுத்தி, "தொண்டிக்குப் போற படகு இது" என்று நிதானமாகச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தை பிறந்ததும் படகைக் கடற்கரை ஊரான தொண்டிக்குக் கொண்டுபோய்க் கரையோரமாக வலை போடுவது, ஒரு வாடகைக் குடிசை பார்ப்பது, அக்காவை அழைத்துக்கொள்வது. இதுதான் அத்தானின் திட்டம். கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் பிறந்த வீட்டு அடுப்பிலேயே சமைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு இதைவிடப் பெரிய ஆசை எதுவும் இல்லை. "ஓலைக் குடிசையா இருந்தாலும் சரி, என் அடுப்புன்னு ஒண்ணு வேணும்டா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த வருஷம் மழைக்கு ஓய்வே இல்லை. கொட்டகைச் சார்ப்பின் கீழே, பாதி நனைந்தபடி அத்தான் வேலை செய்தார். அடித்தகட்டில் ஊசித் துளைகள் ஏராளம். பருத்திக்கொட்டை ஊறிய இடத்தில் உலோகம் சோகை பிடித்தாற்போல வெளுத்திருந்தது. ஓட்டைப் பாத்திரங்களின் அடியை வெட்டி ஒட்டுகள் செய்தார். ஒவ்வொன்றையும் துளைமேல் வைத்து ஆணி அடித்து, முனையைத் தட்டையாக்குவார். இணைப்புகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியக் குழம்பை ஊற்றுவார். வாசனை வீடு முழுக்கப் பரவி, ஒரு வாரம் எங்கள் ரசம்கூடக் குங்கிலியமாக மணத்தது. நான் விளக்குப் பிடித்தேன். சுத்தியல் என் விரலில் இரண்டு முறை பட்டது. அதற்கும் தேதி உண்டு.

அப்பா தினமும் வயலிலிருந்து திரும்பும்போது கொட்டகைப் பக்கம் நின்று போவார். "அண்டா எப்பக் கடலேறுது மாப்பிள்ளை? சொன்னீகன்னா நெல்லு அவிக்க வேற ஏனம் பாத்துக்கிறேன்." அத்தானின் சுத்தியல் கொஞ்சம் பலமாக விழும்.

மார்கழியில் ஒருநாள் கொதிக்கிற குழம்பு அத்தானின் வலது உள்ளங்கையில் தெறித்துவிட்டது. மத்தியானம் கரண்டியால் சாப்பிட்டார். அப்பா பார்த்தார். "பர்மாவுல கரண்டியிலதான் திங்கிறதோ?" என்றார். அக்கா பரிமாறிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

"கை வெந்து கெடக்குப்பா. ஒரு தடவ பாத்துட்டுப் பேசுங்க."

அத்தான் கையை மறைக்கப் போனார். அக்கா விடவில்லை. பிடித்து விரித்துக் காட்டினாள். அப்பா அந்த உள்ளங்கையை வெகுநேரம் பார்த்தார். அதில் தீப்புண் மட்டும் இல்லை. இரண்டு மாதத்து உழைப்பும் இருந்தது. எழுந்து கை கழுவினார். மறுநாள் காலையில் பார்த்தால், மாடுகள் வெளியே வேப்பமரத்தடியில் கட்டப்பட்டிருந்தன. படகு கொட்டகைக்குள், நனையாத இடத்தில் இருந்தது. அப்பாதான் ஆள் கூப்பிட்டு நகர்த்தியிருந்தார்.

வேலை முக்கால்வாசி முடிந்ததும் அத்தான் வலைக்கும் குடிசைக்கும் ஏற்பாடு செய்யத் தொண்டிக்குப் போனார். ஒரு வாரம் ஆகும் என்றார். அவர் பஸ் ஏறிய மறுநாள் அப்பா ஒரு கொத்தனாரோடு வந்தார். பின்னாலேயே ஒரு கூடை முட்டை வந்தது.

எங்கள் ஊர்ச் சுவர்களை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். நாள்கணக்கில் ஊறிய சுண்ணாம்பை மையாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியவை. முகம் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. எங்கள் மக்களுக்கு அதைவிட உசத்தியான பூச்சு இந்தப் பூமியில் கிடையாது. எங்கள் வீட்டுச் சுவரில்கூட அது இல்லை. அதற்கு வசதி பற்றவில்லை. அந்தப் பூச்சைத்தான் மாப்பிள்ளையின் படகுக்கு அப்பா கொண்டுவந்தார். "எண்ணெயும் பிசினும் எத்தன நாளைக்கு நிக்கும்? இது நூறு வருசம் நிக்கும். அவுக வந்து பாக்கட்டும்" என்றார். முகத்தில் ஒரு பிள்ளைக் களை. நான் அதற்கு முன்னால் அப்பாவை அப்படிப் பார்த்ததில்லை.

உள்ளும் புறமும் அடிப்பாகம் முழுக்கப் பூசினார்கள். ஈரச் சுண்ணாம்பு சின்னச் சின்னதாகக் குமிழ் விட்டது. கொத்தனார், "என்னய்யா, பொரியுது" என்றார். "காஞ்ச சுவத்துல தண்ணி பட்டா அப்படித்தான்" என்றார் அப்பா. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ரசாயனத்தை நான் பாடப் புத்தகத்தில் எழுத்துப் பிழையாக மட்டுமே பார்த்திருந்தேன். பூச்சு இறுக வேண்டும் என்று ஈரச் சாக்கு போர்த்தி, அப்பாவே காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

அத்தான் திரும்பி வந்தபோது படகு பளிங்குபோல வெள்ளையாக இருந்தது. அப்பா பக்கத்தில் நின்று, "எப்படி இருக்கு நம்ம படகு?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து முதல்முறையாகக் கேட்கிறோம். அத்தானின் கண் நிறைந்துவிட்டது. "நல்லா இருக்கு மாமா" என்றார்.

மறுநாள் அப்பா வயலுக்குப் போயிருந்தார். அத்தான் படகின் ஓரத்தில் தட்டிப் பார்த்தார். சத்தம் மாறியிருந்தது. உளியால் உள்ளங்கை அகலம் பூச்சைப் பெயர்த்தார். அடியில் உலோகம் கறுத்து, புழு அரித்த இலைபோல இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. இன்னும் இரண்டு இடத்தில் பார்த்தார். அங்கேயும் அப்படித்தான். சுண்ணாம்பு அலுமினியத்தைத் தின்றுவிடும் என்பதை நான் பிறகு நூலகத்தில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அத்தானுக்கு அந்த விரலே போதுமாக இருந்தது.

பிறகு சட்டியில் மிச்சமிருந்த சுண்ணாம்பைக் குழைத்தார். பெயர்த்த இடங்களை ஒவ்வொன்றாக மூடி, ஈரத் துணியால் வழித்து, தேங்காய் ஓட்டால் மெருகு ஏற்றினார். ஒட்டுப் போட்ட அடையாளமே தெரியவில்லை.

"அத்தான், அப்பாக்கிட்டச் சொல்லிருவோம்."

"வேண்டாம்ப்பா. மனுசன் ஆசையாச் செஞ்சிருக்காரு." துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார். "யார்ட்டயும் சொல்லாத. உங்க அக்காட்டயும்."

தை போயிற்று. மாசியும் வந்தது. படகு போகவில்லை. அப்பா இரண்டு முறை கேட்டார். அத்தான் வலை கிடைக்கவில்லை, காற்று சரியில்லை என்றார். பங்குனியில் ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லில் கூலி வேலை கிடைத்து, தகரப் பெட்டியோடு கிளம்பினார். அக்கா ஆறு மாதம் கழித்துப் போனாள். ஓர் அறையில், மண்ணெண்ணெய் அடுப்பு.

அப்பாவுக்கு அது ஆறாத புண்ணாயிற்று. வருகிறவர்களையெல்லாம் கொட்டகைக்குக் கூட்டிப்போவார். பூச்சை விரலால் சுண்டிக் காட்டுவார். "எம்புட்டுக் கெட்டியா இருக்கு பாருங்க. நான் முடிச்சே குடுத்தேன். ஏறி உக்காந்து போக வேண்டியதுதான். அதுக்கும் உடம்பு வணங்கலையே." அப்போதெல்லாம் நான் மெல்ல நகர்ந்துவிடுவேன்.

1973இல் அப்பா படுத்துவிட்டார். அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் அத்தான் அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அப்பா திடீரென்று கேட்டார்.

"மாப்பிள்ளை, அம்புட்டுப் பாடுபட்டு ஒட்டினீக. நானும் என்னால ஆனதச் செஞ்சேன். கடைசில ஏன் விட்டுட்டுப் போனீக?"

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அத்தான் என்னை ஒருதரம் பார்த்தார்.

"தண்ணியக் கண்டா பயம் வந்துருச்சு மாமா."

"பயமா? பர்மாவுல ஆத்துலயே கெடந்தவுக நீங்க."

"அதுனாலதான் மாமா."

அப்பா யோசித்தார். பிறகு சிரித்தார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. நான் என்னென்னமோ பேசிப்புட்டேன்." அத்தானின் கையைத் தேடி எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டார். அடுத்த சில வாரங்கள், பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "பாவம், எங்க மாப்பிள்ளைக்குத் தண்ணின்னா பயம். வெளிய சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்திருக்காரு" என்று உருக்கமாகச் சொன்னார். தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு எல்லோரும் கண்மாயில் குளிக்க இறங்கினோம். அத்தானும் வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார். கரையிலிருந்து ஒரு பெரியவர், "அவுகள எறக்காதீகப்பா, பயப்படுவாக. ஒரு செம்புல மோந்து ஊத்துங்க" என்றார். அத்தான் அப்படியே நின்றுவிட்டார். கண்மாய் நிறைந்து கிடந்தது. பத்து வயதிலிருந்து ஆற்றில் குதித்து வளர்ந்த அந்த மனிதர் படியில் கைகட்டி உட்கார்ந்து, யாரோ ஊற்றிய செம்புத் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொண்டார்.

அப்பா போன பிறகு கொட்டகையை இடித்தபோது படகைத் தூக்கினார்கள். மேல்பாகம் கையோடு வந்தது. அடிப்பாகம் உலோகமே மிஞ்சாமல் வெறும் வெள்ளைப் பாளமாகத் தரையிலேயே கிடந்தது. அக்கா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையசைத்தேன். "எங்கிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லலையே அவுக" என்றாள்.

கொத்தமங்கலத்து வீடு இப்போது இல்லை; நிலைக் கதவும் தூணும் தனித்தனியாக விலைபோயின. மிஞ்சிய சில வீடுகள் விடுதிகளாகி, வருகிறவர்கள் சுவரைத் தடவிப் பார்த்து வியக்கிறார்கள். கண்மாயில் கரையும் படியும் இருக்கின்றன, நடுவில் சீமைக் கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. அப்பாவுக்குப் பின் அத்தான் போனார், பத்து வருஷம் கழித்து அக்கா. அத்தான் தண்ணீருக்குப் பயந்தவர் என்று வெகுகாலம் தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். போன தையில் கடைசி ஆளும் போனார். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைச் சொல்லக்கூட எங்கள் தெருவில் யாரும் இல்லை.