ஓரம் வரை வந்த கோடு

என் வேலை விரிசல் பார்ப்பது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், வாஷ்பேசின்களைச் சூளைக்கு அனுப்புவதற்கு முன் அவற்றின்மேல் மண்ணெண்ணெய் தடவுவேன். நல்ல இடம் சட்டென்று உலர்ந்துவிடும். விரிசல் இருந்தால் எண்ணெய் அதில் தங்கிக் கறுப்பாய்க் கோடு காட்டிவிடும். இருபது வருஷமாக இதே வேலை. அந்தத் திமிரில்தான் என் மனைவியின் முழங்காலுக்கும் நானே ஓகே சொல்லிவிட்டேன்.

கோலம் போட்டுவிட்டு எழுந்தபோது வலது முழங்காலில் ஏதோ 'களுக்'கென்றதாம். அதிலிருந்து உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்றாள். எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒரு கீறல் கூட இல்லை. "எலும்பு நல்லாத்தான இருக்குது, அப்புறம் என்னா வலி?" என்றேன். வேலைக்குச் சோம்பல்பட்டு நடிக்கிறாள் என்று என் தங்கையிடம் போனில் சொன்னேன், மனைவியின் காதில் விழும்படியே. ஆறு மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் காய் நறுக்க உட்கார்ந்தவளுக்கு மடக்கிய கால் மடக்கியபடியே நின்றுவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு எலும்பு டாக்டரிடம் ஓடினேன். அவர் காலை மெல்ல நீட்டிவிட்டு, "எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும். நடுவுல இருக்குற ஜவ்வு தெரியாது. எம்ஆர்ஐ எடுத்துப் பாத்துடுங்க" என்றார்.

ஸ்கேன் எடுக்கச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். "ஒண்ணுமில்லன்னு வந்துச்சுன்னா, இனிமே கால் வலின்னு வாயத் தொறக்கக் கூடாது" என்று கறாராகச் சொன்னேன். சேத்தியாத்தோப்பு தாண்டும்வரை அவள் முழங்காலை நீவிக்கொண்டே வந்தாள். அப்புறம் "சரிங்க" என்றாள்.

ஸ்கேன் முடிந்ததும் அங்கிருந்த டாக்டரம்மா எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். இரண்டு கறுப்பு முக்கோணங்கள் எதிரெதிரே இருந்தன. "இதாங்க ஜவ்வு. நல்லா இருந்தா முழுக்கக் கறுப்பாத் தெரியும். கிழிஞ்சிருந்தா உள்ள தண்ணி பூந்து வெள்ளையா கோடு விழும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. இது என் வேலை அல்லவா. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். முன்பக்க முக்கோணத்தில் மெல்லியதாய் ஒரு வெள்ளைக் கோடு. "தோ, இருக்குது பாருங்க" என்று விரலை வைத்தேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அது ஒரு நார் வந்து சேர்ற எடங்க. எல்லாருக்குமே அப்பிடித்தான் தெரியும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அச்சு விட்டுப்போன தடத்தை விரிசல் என்று ஒதுக்கிவைக்கும் புது ஆட்களை நான் திட்டாத நாளில்லை. ஆனாலும் ஆவல் அடங்கவில்லை. அவர் பின்பக்க முக்கோணத்தைப் பெரிதாக்கினார். அங்கேயும் ஒரு கோடு இருந்தது.

"இது உள்ளேயே நின்னுட்டா வெறும் தேய்மானம். ஓரத்தத் தொட்டாத்தான் கிழிசல்" என்றார். தொட்டிருந்தது. "ஒரு படத்துல தொட்டா போதாது. அடுத்ததுலயும் தொடணும்."

பஸ்ஸில் பேசின பேச்செல்லாம் மறந்தே போய்விட்டது. தொடணும், தொடணும் என்று பழமலைநாதரை வேண்டிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா மவுஸை ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த படம் வந்தது. வெள்ளைக் கோடு ஓரம் வரை தெளிவாக ஓடியிருந்தது.

"தொட்டுடுச்சுங்க" என்று எழுந்தே நின்றுவிட்டேன். வேறு யார் கண்ணிலும் படாத விரிசலைக் கம்பெனியில் பிடிக்கும்போது வரும் அதே குஷி. "கிழிசல்தான். சந்தேகமே இல்ல" என்றார் டாக்டரம்மா.

அந்தக் குஷியோடுதான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஆபரேஷன்னு பயப்படாத. சின்னதா ஓட்ட போட்டு செஞ்சிடுவாங்களாம்" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பயமில்லீங்க. நெசமாவே வலிக்குதா, இல்ல நான்தான் நடிக்கிறேனான்னு ஆறு மாசமா எனக்கே தெரியாம இருந்துச்சு."