பூவேலை உறைக்குள் புகைந்த கணினி

மாடியில் குடியிருக்கும் என் ஓரகத்தி லூர்துவின் கணினியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் ஆளுக்கொன்றாக வாங்கியவைதான். கடலோரத்து வைத்திக்குப்பத்தின் உப்புக்காற்றில் என்னுடையது துருப்பிடிக்க, அவளுடையது புதிதுபோல் இருந்தது. கன்னியர் மடத்தில் கற்ற பூவேலையில் அதற்கு உறை வேறு தைத்திருந்தாள். வருகிறவர்கள் எல்லாம் புகழ்வார்கள்.

விடுவேனா? இரட்டைத் துணியில், இன்னும் பெரிய பூக்களோடு நானும் தைத்து, சிபியூவை நாலு பக்கமும் மூடினேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று, கணினி ஓடும்போதும் கழற்றவில்லை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த உறவினர்களுக்கு மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். கருகல் வாடை வந்தது, திரை அணைந்தது. லூர்துதான் ஓடி சுவிட்சை அணைத்து, உறையை உருவினாள். உள்ளே அனல்!

"இன்னாக்கா, ஓடறப்பவே மூடி வச்சிருக்கீங்க? சூடு எப்படி வெளிய போவும்? நான் ஆஃப் பண்ணி, ஆறினப்புறந்தான் மூடுவேன்" என்றாள், அத்தனை பேர் முன்னாலும்.

நல்லவேளை, கணினியும் படங்களும் தப்பின. இப்போது அவற்றைப் பென் டிரைவிலும் வைத்திருக்கிறேன். கணினி ஆறிய பிறகே மூடுகிறேன். என் உறை கருகிவிட்டதால் லூர்துவே புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தாள். என்னுடையதைவிட அழகாக இருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.