சிவப்பு விழாத கட்டம்

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலைங்கிறது, அடுத்தவங்க மனசுக்குத் தோணினதை எழுதி அனுப்ப, நாம அதைக் கட்டம் கட்டி அழகா டைப் அடிக்கிற வேலை. நோட்டைப் பாத்துப் பாத்தே கழுத்து வலி வாங்குனவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

ஒரே பிரஷர்

2003-ல பெரம்பலூர்ல ஒரு தாய்சேய் நலத் தொண்டு ஆபீசுல இருந்தேன். கிராமத்துப் பணியாளருங்க மாசாமாசம் கர்ப்பிணிகளுக்குப் பிரஷர் பாத்து நோட்டுல எழுதி அனுப்புவாங்க, நான் எக்செல்ல ஏத்துவேன். ஒரு நோட்டுல முப்பது பேருக்கும் 110/70. என்னா ஒத்துமை பாருங்க. எரிச்சல்ல கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டேன்: மேல் கட்டத்துல இருக்கிறதே இந்தக் கட்டத்துலயும் இருந்தா சிவப்பு அடி.

ஷீட் முழுக்கச் செவசெவன்னு ஆயிடுச்சு. பெருமையா கலர் பிரிண்ட் எடுத்து மேனேஜர்கிட்ட கொண்டு போய்க் காட்டுனேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு நிதானமா பாத்தாரு.

"கலர் இங்க் விக்கிற விலைக்கு இது தேவையாம்மா? கறுப்புல எடுத்துக் குடு."

புத்திசாலி

சிவப்பு சேதி எல்லாருக்கும் போயிடுச்சு. அடுத்த மாசம் ஆலத்தியூர் பக்கத்துப் பணியாளர் ஒருத்தர் நோட்டு வந்துச்சு. 110/70, 120/80, மறுபடி 110/70, 120/80, கடைசி வரைக்கும் அப்படியே. பொய்யைக்கூட யோசிச்சு எழுத சோம்பேறித்தனம். நேர்ல வந்தப்போ கேட்டேன். மனுசன் கூச்சமே படல.

"இப்ப சிவப்பு வரலீங்கல்ல மேடம்?"

அண்ணி கட்டம்

எங்க அண்ணி எட்டு மாசம், உடையார்பாளையம் பக்கம் அவங்க அம்மா வூட்டுல இருந்தாங்க. அந்த ஊர்ப் பணியாளர் செல்வி அக்கா. ஒருநாள் அண்ணன் எங்க ஆபீசுக்கு போன் பண்ணி, அண்ணிக்குக் கால் வீங்கிடுச்சு, தலைவலி தாங்கல, என்ன பண்றதுன்னுச்சு. ஷீட்டைத் திறந்தேன். அண்ணிக்கு 110/70, கட்டம் வெள்ளை. சரியா அளந்திருக்காங்க, பயப்படாதண்ணேன்னு பெரிய டாக்டராட்டம் சொல்லிட்டு வச்சேன்.

வச்சப்புறம்தான் கீழ பாத்தேன். அண்ணிக்கு அடுத்து வரிசையா ஒம்பது சிவப்பு. நான் போட்ட ஃபார்முலா மேல மட்டுந்தான் பாக்கும். வரிசையில முதல் ஆளா இருக்கிற பொய் எப்பவும் வெள்ளையாத்தான் நிக்கும். திரும்ப போன் போட்டு, உடனே வண்டி புடிச்சு அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னேன். நானும் பஸ் ஏறிட்டேன். அங்க பாத்தா 170/110. அட்மிட் பண்ணி மருந்து ஏத்துன டாக்டரம்மா எங்களைப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்குனாங்க.

"நாளைக்குன்னு விட்டிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும். நல்லாருக்குன்னு உங்களுக்கு எவ சொன்னா?"

கடைசிப் பக்கம்

தாயும் புள்ளையும் பொழைச்சாங்க. நான் பிரிண்ட்டைத் தூக்கிட்டு செல்வி அக்கா வூட்டுக்கு சண்டைக்குப் போனேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, பிரஷர் மிஷினை எடுத்தாந்து என் மடியில வச்சாங்க. குழாய் கிழிஞ்சு நூல் சுத்தியிருந்துச்சு, அமுக்குனா புஸ்ஸுன்னு காத்துதான் போச்சு. அளக்காம எழுதுனது தப்புதான்னு ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் நிமிந்து கேட்டாங்க.

"ஆறு மாசமா ஒவ்வொரு நோட்டுலயும் கடைசிப் பக்கத்துல 'மிஷின் ரிப்பேர், வேற குடுங்க'ன்னு ஒரே வரியைத்தான் எழுதுறேன் பாப்பா. அதுக்கு உங்க கம்ப்யூட்டர்ல சிவப்பு விழலையா?"

ஃபார்முலாவை மேலயும் கீழயும் பாக்கற மாதிரி மறுநாளே மாத்திட்டேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாக்கற ஃபார்முலாதான் எங்க ஆபீசுல யாருக்குமே தெரியல, என்னையும் சேத்து.