கப் மாட்டும் முன் ஒரு சுற்று

ஞாயிற்றுக்கிழமை காலை, கடையின் கதவைப் பாதி உயர்த்தியிருந்தபோது கைபேசி ஒலித்தது. மெர்சி அக்காவின் மகன் வத்தலக்குண்டு மருத்துவமனையிலிருந்து பேசினார். "அம்மா போயிட்டாங்க சித்தி" என்றார். உயர்த்திய கதவை மீண்டும் இறக்கினேன். திறந்த கதவை இறக்க அக்கா ஒருபோதும் அனுமதித்ததில்லை.

கொடைக்கானலின் ஓட்டுநர் நண்பர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆயினும், இரு பெண்கள் கூட்டாகப் பழைய கார்களின் சக்கரங்களுக்கென்றே இம்மலையில் ஒரு கடை நடத்தினோம் என்பதை எழுத்தில் நிறுத்துவது என் கடமை. என் பெருமையும் அதுவே. இத்தொழிலை எங்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. கழற்றியும் பூட்டியும் நாங்களே கற்றோம்.

வீல் நட் வாங்க நாங்கள் மதுரைக்குச் செல்வது வழக்கம். பழைய கார்களுக்குரிய நட்டின் அடிமுகம் கூம்பாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் அது ரிம்மின் குழியில் முழுமையாக அமரும். பளபளப்பை மட்டும் கண்டு தட்டை முகம் கொண்டதை வாங்குவோர் பலர். அக்கா தம் கைப்பையில் ஒரு வீல் போல்ட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவருவார். ஒவ்வொரு நட்டையும் அதில் விரலால் திருகிப் பார்ப்பார். கடைக்காரர் ஒருமுறை பொறுமையிழந்தார்.

"என்னக்கா, நகைக்கடைக்கு வந்த மாதிரி பாக்குறீங்க?"

"நக கழண்டு விழுந்தா நான் தேடிக்குவேன் தம்பி. இது கழண்டா என்னையத் தேடுவாங்க."

'விரலுக்குப் போகாத நட்டை ஸ்பேனரால அனுப்பாத' என்பது அவர் அடிக்கடி கூறும் வாக்கு. அதற்காக அவர் அழகை வெறுத்தவர் என எண்ணிவிட வேண்டாம். நட்டுகளை மூடும் வீல் கப்பில் தம் முகம் தெரியும்வரை துடைப்பார். தெரிந்ததும் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்.

எனினும் அவரை நான் முழுமையாக அறிந்தது ஒரு திருமண நாளில். ஏரிச்சாலையில் விடுதி நடத்தும் ஒருவர், தம் மகனின் திருமணத்திற்காகத் தம் பழைய அம்பாசிடரைப் புதுப்பித்திருந்தார். ரிம்களுக்கு இளமஞ்சள் வண்ணம் புதிதாக அடிக்கப்பட்டிருந்தது. மணமகன் அதில் வத்தலக்குண்டு தேவாலயத்திற்கு இறங்க வேண்டும். புது வண்ணத்தின் மீது இறுக்கிய நட், வண்டி ஓடியதும் வண்ணம் நசுங்கி இளகக்கூடும். எனவே மலைப்பாதையில் பெருமாள்மலை வரை ஓட்டித் திரும்பி வந்தபின் மறுபடி இறுக்கி, அதன் பிறகே கப் மாட்டுவது எங்கள் கடையின் முறை. கப் மூடிவிட்டால் நட்டை எவரும் பார்ப்பதில்லை.

உறவினர் கூட்டம் வாசலில் நின்றது. "வெரசா மாட்டிக் குடுங்க மெர்சியம்மா" என்றார் விடுதிக்காரர்.

"பெருமாள்மலை போய்ட்டு வாங்க. அப்புறந்தான் கப்பு."

"கல்யாண வண்டிய அம்மணமா ஊருக்குள்ள ஓட்டச் சொல்றீங்களா?"

"சக்கரந்தானேங்க அம்மணம். மாப்பிள்ளைக்குத்தான் கோட்டு இருக்கே."

கூட்டம் சிரித்தது, அவர் முகம் சிவந்தது. "இனி என் வண்டி ஒண்ணுகூட இந்த வாசலுக்கு வராது, பாத்துக்கங்க."

எங்கள் வேலையில் பெரும்பகுதி அவர் விடுதியின் வண்டிகள். அவை நின்றால் கடையும் நிற்கும். "அக்கா, மாட்டிருவோமே" என்று நான் மெல்லக் கூறினேன்.

"கீழ எறங்குற ரோடு நம்ம முகத்தப் பாக்காது செல்வி" என்றார் அக்கா, அதே மெல்லிய குரலில். பின்பு கப்புகளை எடுத்துத் தம் நாற்காலியில் அடுக்கி, அவற்றின் முன் நின்றுகொண்டார்.

வேறு வழியின்றி விடுதிக்காரர் வண்டியை ஓட்டிச் சென்றார். திரும்பியதும் அக்கா ஸ்பேனரை அவர் கையிலேயே கொடுத்தார். "நீங்களே முறுக்குங்க." இடப்புறப் பின்சக்கரத்தின் நட்டுகள் ஒவ்வொன்றும் எளிதாகத் திரும்பின. அவரே அவற்றை இறுக்கி முடித்தார். அக்கா கப்பின் துளையைக் காற்றடைக்கும் வால்வுக்கு நேராகப் பொருத்தி, உள்ளங்கையால் தட்டி அமர்த்தினார். மறுநாள் ஒரு பொட்டலம் கல்யாண கேக் வந்தது. நன்றி என்ற சொல் வரவில்லை; வண்டிகள் வந்தன, இன்றும் வருகின்றன.

அடக்கம் முடிந்து கடையைத் திறந்த அன்று, மேல்மலையின் போளூர்க்காரர் ஒருவர் சக்கரம் மாற்ற வந்தார். முடித்ததும், பெருமாள்மலை போய் வருமாறு கூறினேன்.

"அந்தம்மாதான் போயிட்டாங்களே. இன்னும் எதுக்குங்க அந்தச் சுத்து?"

வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவது எப்போதும் என் பங்கு. மறுப்பது அக்காவின் பங்கு. அவருடைய ஸ்பேனரை மகனிடமும், கைப்பையை மருமகளிடமும் சேர்த்துவிட்டேன். நான் எனக்கென வைத்துக்கொண்டது அவருடைய மறுப்பை மட்டுமே.

"கடை இருக்குல்லங்க" என்றேன். "போய்ட்டு வாங்க."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு சென்றார். அவர் வரும்வரை கப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.