உடைந்த கப்பலின் முனி

அண்ணன் கடைசியாக அனுப்பிய படத்தில் அவனுக்குப் பின்னால் ஒரு கப்பல் உடைந்து கிடக்கிறது. கப்பல் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். மணலில் பாதி புதைந்த இரும்புச் சட்டங்கள், நடுவே துருப்பிடித்த பெரிய பொய்லர், அவ்வளவுதான். அதற்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கூடவே ஒரு குரல் பதிவு: "பயப்படாதீங்க, நாங்க போறது இதுல இல்ல. எங்க போட்டு நல்ல போட்டு." நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அது. மீன்பிடிப் படகில் அவுஸ்திரேலியாவுக்குக் கிளம்பியவன் அதற்குப் பிறகு பேசவில்லை.

மூன்று வருடம் ஓடிவிட்டது. பொலிசில் சொன்னோம், பெரிய மனிதர்கள் என்று பெயரெடுத்தவர்களிடம் சொன்னோம், எல்லோரும் நன்றாகத் தலையை ஆட்டினார்கள். அவனோடு போனவர்களின் வீடுகளில் சிலர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கருமாதியை முடித்துவிட்டார்கள். அம்மா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. புது நம்பரிலிருந்து போன் வந்தால், அடுப்பில் இருப்பது கருகினாலும் அம்மாதான் முதலில் ஓடுவாள். காலர் டியூன் பாட்டு வைக்கச் சொல்லும் போன் கம்பனியின் பதிவுக் குரலிடம்கூட "அய்யா, நீயாடா?" என்று கேட்பாள். நான் எரிந்து விழுவேன். அவள் காதில் வாங்கமாட்டாள்.

இதற்கு நடுவே நசுங்கியவள் அண்ணி. கல்யாணமாகி ஒரு வருடம்கூட அவனோடு வாழவில்லை. உடப்புசல்லாவையிலிருந்து அவளுடைய அண்ணன் வந்து வந்து கூப்பிட்டார். ஒரு முடிவு தெரிந்தால் தங்கச்சிக்கு வேறு வாழ்க்கை அமைத்துக் கொடுக்கலாம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். "அத்த ஒரு வார்த்த சொல்லட்டும்" என்பாள் அண்ணி. சொல்லிவிட்டுத் தேயிலைக் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். அத்தை அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

போன தை மாதம், சோறு தின்றுகொண்டிருந்தபோது அம்மா திடீரென்று சொன்னாள்: "அந்தக் கப்பல்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்கடி. பூக்கட்டிப் பாத்துருவோம்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் புதிது இல்லை. ஒன்றில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ என்று ஒரே மாதிரி இரண்டு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் உயிரோடு இருக்கிறான், வெள்ளை வந்தால் இல்லை என்று அம்மாவே வைத்துக்கொண்டாள். நம்ம லிந்துலையில் இல்லாத சாமியா, அதற்கு எதற்குக் கடல் வரைக்கும் என்று நான் கத்தினேன். அவளிடம் பதில் இருந்தது. அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் பொய்லருக்கு விறகு போட்டவன். அங்கே இயந்திரச் சக்கரங்களில் குடியிருந்து வேலைக்காரர்களின் கைகாலைக் காப்பாற்றுவது ரோதமுனி. அந்த முனிக்குக் கற்பூரம் காட்டாமல் அவன் ஒருநாளும் வேலையைத் தொட்டதில்லை.

"படத்தப் பாருடி. அங்கயும் பொய்லர் இருக்கு. பொய்லர் இருந்தா முனி இருக்கும். எம்புள்ளைய கடைசியாப் பாத்தது அந்த முனிதானே?"

மறுநாளே படத்தைக் கடைக்குக் கொண்டுபோனேன். தலவாக்கலையில் நான் வேலை செய்யும் துணிக்கடை முதலாளிக்குச் சொந்த ஊர் கடற்கரைப் பக்கம், கற்பிட்டி. படத்தைப் பார்த்ததுமே அது எந்தத் தீவு என்று சொல்லி, தெரிந்த படகுக்காரர் ஒருவரையும் ஏற்பாடு செய்து கொடுத்தார்.

மூன்று பெண்களும் பஸ் மாறி மாறிக் கற்பிட்டி போய்ச் சேர்ந்தோம். லயத்து வாசலில் பூத்த ரோசாக்களை ஈரத்துணியில் சுற்றி வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தாள் அம்மா. மறுநாள் விடிந்ததும், தங்கியிருந்த அறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாழையிலையில் பொட்டலங்களைக் கட்டினாள்.

படகில் அண்ணி பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். கடலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றைக்குப் பெரிய அலை ஒன்றும் இல்லை. அதற்கே நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். இருட்டில், இதைவிடப் பெரிய கடலில் அவன் எப்படிப் பயந்திருப்பான் என்று நினைத்துவிட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை.

படகுக்காரர் நாங்கள் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். "வெள்ளக்காரன் காலத்துக் கப்பல். மலநாட்டுத் தோட்டங்களுக்கு அரிசி ஏத்திட்டு வந்ததெண்டு எங்கட வாப்பா சொல்லுவார்" என்றார். எங்களுக்கு வர வேண்டிய அரிசியையும் இந்தக் கடல்தான் தின்றிருக்கிறது. வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

தீவில் மீனவர் தங்கும் ஒரு வாடிக் குடிசை, காயப்போட்ட வலை, இரண்டு நாய்கள். வேறு ஒன்றும் இல்லை. அண்ணன் நின்ற இடத்தைப் படத்தைப் பார்த்துப் பார்த்து அம்மா கண்டுபிடித்து, அங்கேயே போய்க் கொஞ்சநேரம் நின்றாள். வெறும் மணல்தான்.

பிறகு பொய்லருக்கு மஞ்சள் பூசினாள். துருவில் ஒட்டாமல் உதிர்ந்தது. தேங்காய் உடைத்து, சுருட்டு வைத்து, கற்பூரம் ஏற்றினாள். காற்றில் அது அணைந்து அணைந்து போனது. அண்ணி முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டாள். அம்மா இரண்டு பொட்டலத்தையும் மணலில் போட்டாள்.

"நீ எடு புள்ள."

"நான் மாட்டேன் அத்த."

"நீதான் எடுக்கணும்."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரிக்காமல் அம்மாவிடமே நீட்டினாள். அம்மாதான் பிரித்தாள். வெள்ளை.

அண்ணி அப்படியே மணலில் உட்கார்ந்தாள். மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்த ஒப்பாரி பிறகுதான் வந்தது. படகுக்காரர் பதறி ஓடிவந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார். அம்மா அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "போதும்டா தாயி, நீ காத்திருந்தது போதும்" என்று தடவிக்கொடுத்தாள். அம்மாவின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒரு பூவைக் காட்டி என் அண்ணனைச் சாகடிக்க இந்தத் துருப்பிடித்த இரும்பு யார்? மிச்சமிருந்த பொட்டலத்தைக் கடலில் வீசிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் போனேன். வீசுவதற்கு முன் அந்தச் சிவப்பையாவது கண்ணால் பார்த்துவிடத் தோன்றியது. பிரித்தேன். அதிலும் வெள்ளைதான் இருந்தது.

திரும்பினால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். சிவப்பு ரோசா அதற்குள் கசங்கிப் போயிருந்தது.

"அவகிட்ட சொல்லிராதடி. முனி சொன்னதாவே இருக்கட்டும்" என்றாள். "பெத்தவ வாயால அத எப்பிடிடி சொல்றது?"

கையிலிருந்த வெள்ளைப் பூவைத் தண்ணீரில் விட்டேன். அவளை ஏசிய நாள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது.

ஊருக்கு வந்து அவனுடைய சட்டை ஒன்றை வைத்துக் கருமாதி செய்தோம். அண்ணி தாலியைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள். வெள்ளைச் சேலை கட்டக்கூடாது என்று அம்மா எல்லோர் முன்னாலும் கண்டிப்பாகச் சொன்னாள். உடப்புசல்லாவையிலிருந்து வந்த வான் வண்டியில் அவளை ஏற்றிவிட்டு, அது வளைவு திரும்பும்வரை ரோட்டிலேயே நின்றாள். இப்போது லயத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணனின் படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது, தினமும் விளக்கும் வைக்கிறோம்.

நேற்றுச் சாயங்காலம் புது நம்பரிலிருந்து போன் அடித்தது. ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா கையைக்கூடத் துடைக்காமல் ஓடிப்போய் எடுத்தாள்.

"அய்யா, நீயாடா?" என்றாள்.